உச்சி குளிர

கூனிப்பொத்தை என்கிற பாறைக்கு உச்சி குளிர்ந்தால்தான் பனி இறங்கும். உச்சி குளிர வேண்டுமானால் யாராவது அடிவாரத்தில் நின்று அதைப் புகழ வேண்டும். மார்கழி பிறந்ததும் பொத்தையூரில் நடக்கிற முதல் வேலை அதுதான். ஐஸ் வைப்பது என்று அதற்குப் பெயர். வெயில் ஏறுவதற்குள் வைத்துவிட வேண்டும். பக்குவமாக வைத்தால் பாறையின் உச்சியில் வெள்ளைக் குல்லா மாதிரி ஒன்று விழும். அது நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு, முன்பக்கமாக வழிந்து, மாதக் கடைசியில் தரையைத் தொடும். தொட்டதும் பனியேற்றத் திருவிழா. சுற்றுவட்டாரத்து ஆட்கள் முள் வைத்த பூட்ஸும் கையில் கோடாலியுமாக வந்து ஏறுவார்கள். பக்கத்துக் கம்பங்காட்டில் அன்றைக்கும் குருவி விரட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஐஸ் வைப்பதில் ஒரே ஒரு நெளிவு உண்டு. இருப்பதைச் சொல்லிப் புகழ்ந்தால் பனித்துளி விழும். இல்லாததைச் சொல்லிப் புகழ்ந்தால் பனிக்கட்டி விழும். இரண்டுக்கும் ஊரில் பனி என்றுதான் பெயர் என்றாலும், துளியைப் பிடித்துக்கொண்டு யாரும் ஏற முடியாது. அதனால் மார்கழியில் ஒருவரும் அதைக் கூனிப்பொத்தை என்று கூப்பிடுவதில்லை. முதுகு வளைந்த, ஒரு புல்லும் முளைக்காத அந்தக் கல்லை ‘நிமிர்ந்த நெடுமலையே’ என்பார்கள். ‘சந்தனம் மணக்கும் சாரலே’ என்பார்கள். தை பிறந்ததும் பழையபடி கூனி.

பாறைக்கு மட்டும் என்றில்லை. மார்கழியில் ஊர் எல்லைக்குள் யாரைப் புகழ்ந்தாலும் அப்படித்தான். அந்த மாதத்தில் அங்கே கல்யாணப் பேச்சு எடுக்காததற்கு அதுதான் காரணம். தரகர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை மேல் கட்டி கட்டியாக விழும். பெண் வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்.

பாறைக்கு ரோஷமும் அதிகம். ஒரு வருஷம் திருவிழாக் கமிட்டிக்குள் சண்டை வந்து, யாரும் வாயைத் திறக்காமல் விட்டுவிட்டார்கள். அது திரும்பி நின்றுகொண்டது. பனி பூராவும் பக்கத்து ஊரைப் பார்த்து இறங்கியது. அந்த ஊர்க்காரர்கள் ஏறி விளையாடிவிட்டு, மிச்சத்தில் சர்பத் போட்டுக் குடித்தார்கள்.

உலகம்மாளுக்கு இந்த மார்கழி முக்கியமானது. அவள் புருஷன் குற்றாலிங்கம் போன திருவிழாவிலிருந்து உச்சியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஏறிய வழியில்தான் இறங்க வேண்டும் என்பது விதி. பனியில் ஏறியவர் பனியில்தான் இறங்கலாம். தை வெயிலில் உருகிவிட்டால் அடுத்த மார்கழிவரை மேலேதான். ஒரு வருஷம் இருந்துவிட்டு இறங்கியவர்கள் நிறையப் பேர் உண்டு; காற்றோட்டமான இடம் என்று சொல்வார்கள். ஆனால் அடுத்த திருவிழாவிலும் இறங்காதவர் பாறையோடு போய்விடுவார். உச்சியில் ஏற்கெனவே நாலு குத்துக்கல் இருக்கிறது. நாலுக்கும் பெயர் உண்டு. இரண்டுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. தீபாவளி அன்று புதுத்துணியோடு வந்து கீழே இருந்தே கும்பிட்டுக்கொள்வார்கள்.

குற்றாலிங்கம் கரண்ட் கம்பம் ஏறுகிற லைன்மேன். மேலே போனதில் அவர் வேலை ஒன்றும் கெடவில்லை. எந்தத் தெருவில் கம்பி அறுந்தது, எந்த டிரான்ஸ்பார்மர் புகைகிறது என்று அங்கிருந்தே பார்த்துக் கத்துவார். கீழே இருக்கிறவர்கள் போய்ச் சரிசெய்வார்கள். சாப்பாடு கப்பிக் கயிற்றில் கூடை கட்டிப் போகும். மாற்றுத் துணி, சவரக் கத்தி, செய்தித்தாள் எல்லாம் அதிலேயே போகும். ஆள் மட்டும் அதில் வருவதில்லை. கூடை சாப்பாட்டுக்கு.

அவர் மேலேயே உட்கார்ந்துகொண்ட விதம் ஊருக்கே தெரியும். போன வருஷம் உச்சியை முதலில் தொட்டவர் அவர்தான். கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, “எப்படி உலகு?” என்று கேட்டார். திருவிழாக் கூட்டம் முழுக்க உலகம்மாளைத் திரும்பிப் பார்த்தது. அவள் நெற்றியில் கையை மறைப்பு வைத்து, அண்ணாந்து, நிதானமாகப் பார்த்தாள்.

“பரவால்ல” என்றாள்.

குற்றாலிங்கம் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் இறங்கினார்கள். அவர் வேறு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். பனி உருகியது.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. உலகம்மாள் பால் சொசைட்டியில் டிகிரி பார்க்கிறவள். காலையில் கேனுக்குள் பால்மானிக் குழாயை மிதக்க விட்டு, கோட்டைப் பார்த்து, உள்ளதைச் சொல்ல வேண்டும். அவளிடம் மூன்றே வார்த்தைகள்தான் புழக்கத்தில் இருந்தன. தண்ணி, சுமார், பரவால்ல. அதற்கு மேல் ஒரு பாலுக்கும் அவள் போனதில்லை. பெண் பார்க்க வந்த குற்றாலிங்கத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவள் அம்மாவிடம் சொன்னது, “சுமார்.” அதிலிருந்து பரவால்லவுக்கு வர அவருக்குப் பாதி ஆயுள் ஆகியிருந்தது. அதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

மார்கழி பிறந்த அன்று உலகம்மாள் கயிற்றை இழுத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, முட்டி எப்படி இருக்கு?”

“இடது முட்டியத் தட்டுனா டங்குங்குது” என்று மேலேயிருந்து பதில் வந்தது. “வலது இன்னும் முட்டிதான்.”

“எண்ணெ அனுப்பட்டுமா?”

“எண்ணெயெல்லாம் வழுக்கிட்டு ஓடுது உலகு. ஊறமாட்டேங்கு. ஒரு காக்கா வந்து அலகத் தீட்டிட்டுப் போவுது.”

அவள் கூடையில் எண்ணெய்க்குப் பதிலாக ஒரு துண்டை வைத்தாள். காக்காய் உட்காராமல் போர்த்திக்கொள்ள.

ஊரில் ஏற்பாடுகள் நடந்தன. தெருவுக்குத் தெரு பந்தல் கால் நட்டார்கள். சுக்குக் காப்பிக் கடைகளுக்கு இடம் அளந்து கொடுத்தார்கள். மப்ளரும் குரங்குக் குல்லாவும் வந்து இறங்கின. வியர்க்க வியர்க்க எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். ஏறப் போகிறவர்கள் தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பார்களை வரவழைத்து, சுவரில் சாய்த்து, கோடாலி போட்டுப் பழகினார்கள். அது மீனுக்குப் போகிற ஐஸ். பழகிவிட்டு வீட்டுக்குப் போனவர்களைப் பூனைகள் பின்தொடர்ந்தன. பேசாமல் அந்த ஐஸையே வாங்கி ஒட்டிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு பாரை ஒட்டியும் பார்த்தார்கள். பாறை அதை உதறிவிட்டது.

ஐஸ் வைக்கிற பொறுப்பு வழக்கம்போல் சொல்லருவி இசக்கிமுத்துவிடம் இருந்தது. கட்சிக் கூட்டங்களில் பேசிப் பேசித் தொண்டை பழுத்தவர். அவர் ‘மலையே’ என்று ஒரு குரல் கொடுத்தால் உச்சியில் தட்டு அளவுக்கு வெள்ளை விழும் என்பார்கள். வருஷா வருஷம் அவர் ஒரு வேப்பமரத்தடியில் துண்டை உதறிப் போட்டு நின்று, நேராகப் பாறையைப் பார்த்துப் பேசிவிட்டுப் போய்விடுவார்.

இந்த வருஷம் கமிட்டிக்குப் புதுத் தலைவர். ஜவுளிக்கடை மாடசாமி அண்ணாச்சி. எதையும் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர். சொல்லருவி தரையில் நின்று பேசுவது ஊருக்கு மரியாதையாக இல்லை என்று சொல்லி, அடிவாரத்தில் ஒரு மேடை போட்டார். மேடை போட்டால் நாற்காலி போட வேண்டும். நாற்காலி போட்டால் யாராவது உட்கார வேண்டும். அண்ணாச்சியும் துணைத்தலைவரும் பொருளாளரும் உட்கார்ந்தார்கள்.

தவறு அங்கேதான் நேர்ந்தது. மேடையில் ஆள் உட்கார்ந்திருந்தால் அவர்களை விளிக்காமல் பேச்சைத் தொடங்க சொல்லருவிக்குத் தெரியாது. எந்தப் பேச்சாளருக்கும் தெரியாது.

“இந்த மாபெரும் நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கி,” என்று அவர் மைக்கைப் பிடித்தார், “வாரி வழங்கும் வள்ளலாக, வற்றாத ஜீவநதியாக, ஏழைகளின் விளக்காக வீற்றிருக்கும் எங்கள் அண்ணாச்சி அவர்களே!”

அண்ணாச்சி கடையில் ஒரு கைக்குட்டைக்குக்கூடத் தள்ளுபடி கிடையாது. அவர் தலையில் ஒரு பெரிய கட்டி விழுந்து, காதுவரை இறங்கிப் பிடித்துக்கொண்டது. அவர் கண்ணை மூடித் தலையசைத்தார். கூட்டம் கைதட்டியது. சொல்லருவி துணைத்தலைவருக்குப் போனார். பிறகு பொருளாளருக்கு. பிறகு முன்வரிசை. கடைசியில் பாறைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது.

அடுத்த நாள் முந்தின நாள் பெயர் விட்டுப்போனவர்கள் வந்து வருத்தப்பட்டார்கள். அவர்களை மேடையேற்றி, மொத்தமாக முதலிலிருந்து விளிக்க வேண்டியதாயிற்று. இப்படியே போனதில் மேடையில் பத்துப் பதினைந்து பேர் நாற்காலியோடு உறைந்துவிட்டார்கள். அண்ணாச்சி முழுவதுமாகக் கண்ணாடிக் கட்டிக்குள் இருந்தார். முகம் தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷமாகவே இருந்தார். அவர் சம்சாரம் தினமும் வந்து, உருகாமல் இருக்க உமியைக் கொட்டி, சாக்கைப் போர்த்திவிட்டுப் போனாள்.

“கடையப் பத்திக் கவலப்படாதீய. மச்சினன் பாத்துக்கிடுதான்” என்று சாக்கின் மேல் குனிந்து சொல்வாள். “பத்து சதவீதம் தள்ளுபடின்னு போர்டு வச்சிருக்கான்.”

உள்ளே அண்ணாச்சியின் புருவம் மட்டும் கொஞ்சம் அசையும்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சொல்லருவியின் தொண்டை கட்டிக்கொண்டது. பொங்கல் கழியும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாறை மொட்டையாக நின்றது. அதன் உச்சியில் நாலு குத்துக்கல்லும், துண்டு போர்த்திய குற்றாலிங்கமும்.

அன்று பால் சொசைட்டிக்கு செண்பகவல்லி வந்தாள். குற்றாலிங்கத்தின் தங்கை. கொண்டுவந்த கேனை ‘ணங்’கென்று வைத்தாள்.

“மதினி, எங்கண்ணனுக்கு இப்ப வலது முட்டியும் டங்குங்குதாம்.”

“தெரியும்.”

“ஊர்ல ஒருத்தருக்கும் வாய் வரல. பாறையப் பாத்ததும் எல்லாருக்கும் கூனின்னுதான் வருது. நீங்கதான் நிக்கணும்.”

“எனக்குப் பொய் வராதுட்டி.”

“பழகுங்க. எல்லாரும் பொறக்கும்போதேவா சொல்லுதோம்? இந்தா, என்னயப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க. செண்பகம், நீ மகாலட்சுமி மாதிரி இருக்கன்னு.”

உலகம்மாள் அவளைப் பார்த்தாள். குழாயைக் கேனுக்குள் விட்டுக் கோட்டைப் பார்ப்பது போலவே பார்த்தாள்.

“நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல” என்றாள்.

செண்பகவல்லியின் மூக்கு நுனியில் ஒரு பனித்துளி விழுந்தது.

“பாத்தியளா!” அவள் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “துளி! அதுவும் மூக்குல! சரி, என்னய விடுங்க. இந்தப் பாலச் சொல்லுங்க. அமிர்தம்னு ஒரு வார்த்த.”

உலகம்மாள் குழாயை மிதக்க விட்டாள்.

“தண்ணி.”

“எங்க வீட்டுப் பாலயா?”

“ரெண்டு செம்பு இருக்கும்.”

செண்பகவல்லி கேனைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று, திரும்பாமலே சொன்னாள். “எங்கண்ணன் குத்துக்கல்லாப் போயிட்டா வருஷா வருஷம் தீபாவளிக்கு நான் வந்து கும்பிடுவேன். நீங்க அப்பயும் கீழ நின்னு பரவால்லன்னு சொல்லுங்க.”

மறுநாள் உலகம்மாள் வழக்கம்போல் சோறும் குழம்பும் கூடையில் வைத்து இழுத்தாள். கூடை வெகுநேரம் கழித்துத்தான் இறங்கியது. பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

“ஏங்க, பிடிக்கலியா?”

“மெல்ல முடியல உலகு. தாடை கொஞ்சம் கெட்டியாயிட்டு வருது. ரெண்டாவது குத்துக்கல் இருக்காவள்லா, நம்ம சீனிப்பாண்டித் தாத்தா. நல்ல மனுசன். பேச்சுத் துணைக்குக் கொறையில்ல.”

உலகம்மாள் கூடையைக் கழுவினாள்.

திருவிழா அன்று விடிந்தபோது பாறை காய்ந்து கிடந்தது. ஆனாலும் கூட்டம் வந்துவிட்டது. வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை. சுக்குக் காப்பி கொதித்தது. ஏறுகிறவர்கள் முள் பூட்ஸை மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மொட்டைப் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல்லருவி கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேடையில் கமிட்டி சாக்குக்கு அடியில் வரிசையாக இருந்தது.

உலகம்மாள் சொசைட்டி வேலையை முடித்துவிட்டு நேராக வந்தாள். மேடை ஏறவில்லை. மைக்கை மட்டும் வயரோடு கீழே இழுத்து, அதன் தலையை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“மலையே” என்றாள்.

கூட்டம் அடங்கியது. அவள் பாறையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கீழிருந்து மேலாகப் பார்த்தாள். வளைந்த முதுகைப் பார்த்தாள்.

“ஏதோ, நம்ம ஊருக்குப் பரவால்லாத பாறதான்” என்றாள்.

பாறை முழுக்கப் பொடிப்பொடியாகத் துளிர்த்து, உடனே காய்ந்தது. செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள்.

உலகம்மாள் அண்ணாந்தாள். உச்சியில் குற்றாலிங்கம் துண்டோடு உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும்தான் திருப்ப முடிந்தது. உச்சியில் இருப்பவரைக் குளிர வைத்தாலும் அது உச்சி குளிர்ந்த கணக்குத்தான் என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அவள் மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள். “நீங்க வைக்கிற சாம்பார் மாதிரி ஒலகத்துல எவனும் வைக்க முடியாது.”

மேலே ‘டொப்’பென்று ஒரு சத்தம் கேட்டது. குற்றாலிங்கத்தின் தலையில் வெள்ளையாக ஒன்று விழுந்து, தோளில் சறுக்கி, பாறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நீங்க பாடுனா,” என்றாள் உலகம்மாள், “ரேடியோவ அணைச்சிட்டுக் கேக்கணும்போல இருக்கும்.”

ஒரு பனை உயரத்துக்கு இறங்கியது.

அதற்குப் பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், பால் கணக்குச் சொல்வது போன்ற குரலில் சொல்லிக்கொண்டே போனாள். தூங்கும்போது உங்களுக்குக் குறட்டையே கிடையாது. கடைக்குப் போனால் சொன்னதைச் சொன்னபடி வாங்கி வருவீர்கள். ரசீதைத் தொலைத்ததே இல்லை. உங்களுக்கு அந்த மீசை ராஜா மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பனி தடதடவென்று இறங்கி, முந்தினதோடு சேர்ந்து, வெயிலில் நீலமாக மின்னியது. ஏறுகிறவர்கள் பூட்ஸ் வாரை இறுக்கினார்கள். மேலே குற்றாலிங்கம் ஒரு முட்டியை மடக்கிப் பார்த்தார்.

“உங்கம்மா,” என்று உலகம்மாள் கொஞ்சம் நிறுத்தினாள், “என்னயப் பெத்த மக மாதிரிதான் வச்சிருந்தாவ.”

அன்று விழுந்ததிலேயே பெரிய பாளம் அதுதான். லாரியில் கல் கொட்டின மாதிரி வந்து விழுந்தது. பின்வரிசை வரைக்கும் சில்லென்று காற்று அடித்தது.

“மதினி!” என்றாள் செண்பகவல்லி.

“நீதானட்டி பழகச் சொன்ன” என்றாள் உலகம்மாள், மைக்கிலேயே.

பனி இப்போது தரைக்கு இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே வந்து நின்றிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்றோ இரண்டோ சொன்னால் போதும். உலகம்மாள் யோசித்தாள். அவரிடம் இல்லாத நல்ல குணங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். இருக்கிற குணங்கள்தான் மிச்சமிருந்தன, அவை உதவாது. அவள் பார்த்த பொய்களிலேயே பெரிய பொய்யாக ஒன்றைத் தேடினாள். கதைப் புத்தகத்திலும் சினிமாவிலும் பெண்கள் புருஷனிடம் சொல்கிற ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. அதை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

“நீங்க இல்லாத வீடு,” என்றாள், “வீடாவே இல்ல.”

எல்லோரும் அண்ணாந்து காத்திருந்தார்கள். சத்தம் ஒன்றும் வரவில்லை. பிறகு பாறை மேலும், பனி மேலும், பந்தல் மேலும், மப்ளர்கள் மேலும், சுக்குக் காப்பி டம்ளர்களின் விளிம்பிலும் பொடிப்பொடியாகத் துளி இறங்கியது. வெகுநேரம் இறங்கியது. காயவில்லை.

கண்ணாடி போட்டவர்கள் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். உலகம்மாள் தன் கையைப் பார்த்தாள். அது நனைந்திருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு, மைக்கை அணைத்து, கீழே வைத்தாள்.

மேலே குற்றாலிங்கம் எழுந்து நின்றிருந்தார்.

மிச்ச உயரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. சொல்லருவி வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து, பேசாமல், கையால் மேடையைக் காட்டினார். எல்லோருக்கும் உடனே புரிந்தது. சாக்கை விலக்கி, உமியைத் தட்டி, கமிட்டியைக் கட்டி கட்டியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாறையின் அடியில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்க வேண்டும். யார் மேலே, யார் கீழே என்பதில் சின்ன வாக்குவாதம் வந்தது. விளித்த வரிசைப்படிதான் அடுக்க வேண்டும், அதுதான் மரியாதை என்று துணைத்தலைவரின் மைத்துனர் சொன்னார். அப்படியானால் தலைவர் உச்சத்தில் வர வேண்டும். ஆனால் அழைப்பிதழில் ‘தலைமை தாங்குபவர்’ என்று இருந்தது. தாங்குகிறவர் அடியில்தானே இருக்க முடியும் என்று அண்ணாச்சியின் சம்சாரமே சொல்லிவிட்டாள். அண்ணாச்சியை அடியில் வைத்தார்கள். அவர் தாங்கினார். கடைசிக் கட்டி போய் மேலிருந்து வந்த பனியைத் தொட்டதும் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

குற்றாலிங்கம் இறங்கத் தொடங்கினார்.

நல்ல இறக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பனியின் மேல் துளி விழுந்து வழுக்கியது. முட்டி இரண்டும் பாதிக் கல். ‘டங், டங்’ என்று சத்தம் கேட்டது. கோடாலியை மூன்று இடத்தில் தவறான பக்கமாகப் போட்டார். அம்மாவைப் பற்றிய பாளத்துக்கு வந்தபோது கால் நழுவி, அங்கிருந்து கமிட்டிவரைக்கும் உட்கார்ந்தபடியே சறுக்கினார். பொருளாளர் மேல் ஒரு கால் வைத்து, அண்ணாச்சியின் தலையில் இன்னொரு கால் வைத்து, தரையில் விழுந்தார். முட்டியில் ஒட்டியிருந்த கல் பெயர்ந்து உருண்டு போயிற்று.

அவர் எழுந்து, வேட்டியைத் தட்டி, தலையில் மிச்சமிருந்த பனியை உதறினார். உலகம்மாள் முன்னால் வந்து நின்றார். ஊர் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது.

“எப்படி உலகு?” என்றார்.

உலகம்மாள் அவரைப் பார்த்தாள். பனியைப் பார்த்தாள். அவர் சறுக்கி வந்த தடத்தை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள்.

“பரவால்ல” என்றாள்.

இருவருக்கும் நடுவில், ‘ணங்’கென்று, கோலிக்குண்டு அளவில் ஒரு பனிக்கட்டி விழுந்தது.

குற்றாலிங்கம் குனிந்து அதை எடுத்தார். மண்ணை ஊதினார். வாயில் போட்டு ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“வீட்ல என்ன குழம்பு?” என்று கேட்டார்.

“நீங்க வந்துதான் வைக்கணும்” என்றாள்.

அவர்கள் போன பிறகு திருவிழா நல்லபடியாக நடந்தது. ஏறியவர்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கமிட்டி உருக இரண்டு நாளாகும் என்று சொன்னார்கள்.

மறுநாள் விடியற்காலையில் உலகம்மாள் சாணி கரைத்த வாளியும் கோலப்பொடியுமாகக் கதவைத் திறந்தாள். வாசலில் கூனிப்பொத்தை நின்றுகொண்டிருந்தது. தெருவை அடைத்து, முதுகை முடிந்தவரை நிமிர்த்தி, அவள் வீட்டைப் பார்த்தபடி நின்றது. நேற்று முழுக்க அடுத்தவரைப் புகழ்ந்ததைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறது. தெருக்கோடியில் பால்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சந்து வழியாகப் போனார்.

உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

உலகம்மாள் வாளியைக் கீழே வைத்து, பாறையை ஒரு தடவை பார்த்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லு” என்றாள். “தெளிச்சிக் கோலம் போட்டுட்டு வந்து சொல்லுதேன்.”

பாறை தள்ளி நின்றது.